கொழுத்தவனுக்குக் கொள்ளு

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இரார். எதுகை அழகுக்காக யாரோ கட்டிவிட்ட சொல்லடுக்கு இது என்றே இளம் பிராயத்தில் நான் எண்ணியிருந்தேன். பின்னர் ஊன்றிக் கவனித்தபோது, அந்த நான்கு சொற்களுக்குள் ஒரு வைத்திய சித்தாந்தமே அடங்கியிருப்பது புலப்பட்டது. கொழுத்தவனைப் பார்த்து இப்பழமொழி பட்டினி கிட என்று சொல்லவில்லை. சோற்றைப் பாதியாகக் குறை என்றும் சொல்லவில்லை. இளைத்தவனுக்கு எப்படி உண்பதற்கு ஒரு பொருளைக் காட்டுகிறதோ அப்படியே கொழுத்தவனுக்கும் உண்பதற்கு ஒரு பொருளையே காட்டுகிறது. தேகத்தின் பருமனைக் குறைப்பதற்கு வயிற்றை வெறுமையாக்க வேண்டியதில்லை, வயிற்றை நிரப்பும் பொருளை மாற்ற வேண்டும் என்ற இந்த அபிப்பிராயம் நேற்றுத் தோன்றியதும் அன்று. அதன் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு புறப்பட்டால், புன்செய்க் காடு, வைத்திய சாஸ்திரம், அரசரது குதிரை லாயம், கொங்கு நாட்டுக் குடியானவர் அடுப்படி என்று வெகுதூரம் அது நம்மை அழைத்துச் செல்கிறது.

தட்டையாய், செம்மண்ணும் சாம்பலும் கலந்தாற் போன்ற நிறத்ததாய், கையில் அள்ளினால் வழுவழுவென்று விரலிடுக்கில் நழுவும் இச்சிறு தானியத்துக்குத் தென்னாட்டில் பெயர்கள் பல. திருநெல்வேலிச் சீமையிலும் குமரிப் பக்கத்திலும் இது காணம், மலையாளத்தார்க்கு முதிர, கன்னடத்தார்க்கு ஹுருளி, ஆந்திரர்க்கு உலவலு, வடமொழியில் குலத்தம். இத்தனை மொழிகளிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத தனித்தனிப் பெயர்களோடு வழங்குவதே இதன் தொன்மைக்குச் சான்றெனக் கொள்ளலாம். பெயரை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு, தெக்கலகோட்டை முதலிய இடங்களில், புதிய கற்கால மக்கள் வாழ்ந்த மேடுகளிலிருந்து மண்ணை எடுத்து, அதை நீரில் கரைத்து, மேலே மிதந்து வரும் கரித்துகள்களை வடித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அடுப்படியில் சிந்திக் கருகியமையாலேயே அழியாது தங்கிய அத்தானியங்களில் கொள்ளும் பச்சைப்பயறும் இரண்டு வகைச் சிறு புல்லரிசிகளும் முதன்மையாக நின்றன. மாடு மேய்த்து, அம்மாட்டுச் சாணத்தை மலைமலையாய்க் குவித்து எரித்த அந்த மக்களின் காலம் இன்றைக்கு 4000 ஆண்டுகட்கு முற்பட்டது. நெல்லென்பது அவர்தம் வட்டிலில் இன்னும் வந்து சேராத காலம் அது.

சங்க காலத்துக்கு வரும்போது கொள்ளின் ஸ்தானம் இன்னும் தெளிவாகிறது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில், மாங்குடி கிழார் என்ற புலவர், ஒரு வறண்ட நிலத்துச் சீறூரின் பெருமையை நான்கு நான்காக எண்ணிச் சொல்லிக்கொண்டு போகிறார். பூவென்றால் இந்நான்கே, குடியென்றால் இந்நான்கே, உணவென்றாலும் இந்நான்கே என்பது அவர் கட்சி. அவர் எண்ணிய நான்கு உணவுகள் வரகு, தினை, கொள், அவரை. நெல் அப்பட்டியலில் இல்லை. அதே பாட்டில், பகைவரை எதிர்த்து நின்று மடிந்த வீரனது நடுகல்லையன்றி நெல் தூவிப் பரவும் கடவுள் வேறில்லை என்றும் சொல்லப்படுகிறது. நெல் வழிபாட்டுக்கு உரிய அருமைப் பொருள், கொள்ளும் வரகும் அன்றாடம் உயிரை நிறுத்தும் பொருள் என்ற பாகுபாட்டை அப்பாட்டில் நான் காண்கிறேன். போருக்குப் போன மறவனும் புகழ் பாடிய பாணனும் இதையுண்டே வாழ்ந்தார்கள்.

இனி, புலவரது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வடக்கே போய், சரக சங்கிதையைத் திறந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய 2000 ஆண்டுகட்கு முற்பட்டதாகக் கருதப்படும் அவ்வாயுர்வேத நூலின் சூத்திர ஸ்தானத்தில் 21-ஆம் அத்தியாயம் நம் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறது. மிக நெடியவன், மிகக் குறியவன், மயிர் மிகுந்தவன், மயிரே இல்லாதவன், மிகக் கரியவன், மிக வெளியவன், மிகப் பருத்தவன், மிக மெலிந்தவன் என எண்மரை உலகம் பழிக்கும் என்று தொடங்கி, இவர்களுள் பருத்தவனும் மெலிந்தவனுமே வைத்தியனுடைய கவனத்துக்கு மெய்யாக உரியவர்கள் என்று அது பிரித்துக்கொள்கிறது. ஸ்தூலத்துக்கு அது கூறும் காரணங்களைப் படித்தால், இன்றைய நகரத்து மாந்தரைப் பார்த்து எழுதியது போலவே தோன்றும்: அளவு மீறி உண்ணுதல், இனிப்பும் நெய்ப்பும் மிகுந்த ஆகாரம், உடலுழைப்பின்மை, பகலுறக்கம், கவலையற்ற சுகம். இவற்றோடு பீஜ சுபாவம், அதாவது பெற்றோரிடமிருந்து வரும் இயல்பு, என்பதையும் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. பருத்தவர் யாவரும் பெருந்தீனிக்காரரே என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள் இந்த ஒரு சொல்லையேனும் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதைவிட ஆச்சரியமானது, பருத்தவனுடைய பசியைப் பற்றி அந்நூல் சொல்லும் விளக்கம். கொழுப்பு உடலின் வழிகளை அடைத்துவிடுவதால், வாயுவானது வெளிச் செல்ல இடமின்றிக் கோஷ்டம் என்னும் வயிற்றறைக்குள்ளேயே உலாவி, வயிற்றுத் தீயை ஓயாமல் மூட்டிக்கொண்டிருக்கிறதாம். ஆகையால் அவன் உண்டது விரைவில் செரித்துவிடுகிறது, மீண்டும் மீண்டும் பசி எழுகிறது, உணவு சற்றே தாமதித்தாலும் காட்டுத் தீ காட்டை எரிப்பது போல அத்தீயும் வாயுவும் அவனை வருத்துகின்றன. வாயுவையும் அக்கினியையும் கொண்டு சொல்லும் காரணத்தை இன்றைய உடல்நூலார் ஒப்பாமலிருக்கலாம். ஆனால், பருத்தவனுக்குப் பசி அதிகம், அவனைப் பட்டினி போடுவது எளிதன்று, ஆபத்துமாகும் என்ற அனுபவ உண்மையை அன்றே கண்டு எழுதினார்களே, அதை எண்ணும்போது அம்முன்னோரிடம் எனக்கு உண்டாகும் மரியாதைக்கு அளவில்லை.

நோயின் தன்மை இவ்வாறானால் மருந்து எவ்வாறிருக்க வேண்டும்? மெலிந்தவனுக்கு இலகுவாயும் போஷிப்பதாயும் உள்ள ஆகாரம் வேண்டும். பருத்தவனுக்கோ குருவாயும் போஷியாததாயும் உள்ள ஆகாரம் வேண்டும் என்று சரகம் விதிக்கிறது. குரு என்றால் கனமானது, எளிதில் செரியாதது, வயிற்றில் நின்று நிதானமாய்க் கரைவது. அது மூண்டெழும் தீயைத் தாங்கும். போஷிக்காததாகையால் கொழுப்பையும் வளர்க்காது. வயிறு நிறைவதும் தேகம் பெருப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன பழைய வாக்கியம் வேறொன்றை நான் அறியேன். அதற்கேற்ற தானியங்களையும் அது அங்கேயே எண்ணுகிறது: தினை, சாமை, வாற்கோதுமை, சோளம், வரகு, பச்சைப்பயறு, கொள்ளு, துவரை, இவற்றோடு புடலும் நெல்லிக்கனியும், உண்டபின் தேன் கலந்த நீர். உறக்கத்தைக் குறைப்பதையும் உழைப்பதையும் சிந்திப்பதையும் படிப்படியாகப் பெருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இந்தப் பட்டியலை மாங்குடி கிழாரது பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரகு இங்கும் உண்டு, அங்கும் உண்டு, தினையும் அவ்வாறே, கொள்ளும் அவ்வாறே. வடநாட்டு வைத்தியர் நெய்யுண்டு பருத்த பிரபுவுக்கு மருந்தாக எழுதிக் கொடுத்ததும், தென்னாட்டுச் சீறூரார் வேறு போக்கின்றி அன்றாடம் உலையிலிட்டதும் ஒன்றே! ஒருவனுக்குப் பத்தியமாக இருந்தது மற்றொருவனுக்குப் பிழைப்பாக இருந்தது. இந்த ஒற்றுமையைக் கண்ட நாள் முதல், புன்செய்த் தானியங்களை ஏழையின் உணவென்று இரக்கத்தோடு பேசுவோரைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் வருந்துகிறது. நம் சித்த வைத்தியரும் கொள்ளை உஷ்ண குணமுடையது, கபத்தையும் நீர்க்கோவையையும் கரைப்பது, ஊளைச் சதையைக் குறைப்பது என்றே வகுத்திருக்கின்றனர். பித்த தேகிகளும் கருவுற்ற மாதரும் இதை விலக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அவர்களிடத்தில் உண்டு.

இவ்வளவு கீர்த்தி வாய்ந்த தானியம் தாழ்ச்சியுற்றது எங்ஙனம்? அதற்குக் காரணம் குதிரை.

குதிரை நம் நாட்டுக்குரிய பிராணியன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. பாண்டியர் காலத்தில் இந்த வாணிகம் பெருவெள்ளமாயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோவும், அவனுக்குச் சற்றுப் பின்னே எழுதிய பாரசீக சரித்திரக்காரர் வஸ்ஸாபும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டதையும், அவற்றில் மிகப்பல ஆண்டு முடிவதற்குள் மாண்டு போனதையும் எழுதி வைத்திருக்கின்றனர். குதிரைக்கு அரிசியோடு இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்ததாக மார்க்கோ போலோ சொல்கிறான். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிட்டுப் பக்குவம் செய்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாக வஸ்ஸாப் சொல்கிறார். புல்லுண்ணும் பிராணிக்கு விருந்தாளிக்குரிய உபசாரம் செய்து அதைக் கொன்றிருக்கிறார்கள் என்றே எண்ண வேண்டியிருக்கிறது. பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரையை உயிரோடு காக்க, இந்த மண்ணில் விளைகிற எது அதற்கு ஒத்துவரும் என்பதைத் தென்னாட்டார் கற்றுக்கொள்ள நாள் பிடித்திருக்கிறது. கடைசியில் அவர்கள் கண்டுகொண்ட விடைதான் கொள்ளு.

ஆனாலும் அக்காலத்தில் மனிதன் அதைக் கைவிட்டுவிடவில்லை. 1520-ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்தைக் கண்ட போர்த்துகீசியர் தோமிங்கோ பாயஸ், அந்நகரத்துக் கடைவீதியில் மலிந்து கிடந்த தானியங்களை அடுக்கிச் சொல்லும்போது, பயறு வகைகளோடு கொள்ளையும் சேர்த்து, இவை பொது ஜனங்களின் ஆகாரம், ஏராளமாயும் மிக மலிவாயும் கிடைக்கின்றன என்று எழுதுகிறார். உலகத்திலேயே சகல பண்டங்களும் நிறைந்த நகரம் இதுதான் என்று அவர் வியந்த ஊரின் உழைப்பாளிகள் கொள்ளுண்டே உழைத்தனர்.

குதிரையின் பெயர் அதன்மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது கம்பெனியாரது ஆட்சியில்தான். தானியம் என்று பொருள்படும் ஒரு போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்த கிராம் என்ற சொல், வடக்கே கடலையைக் குறித்தது. சென்னை ராஜதானியிலோ பெரும்பாலும் கொள்ளையே குறித்தது. பட்டாளத்துக் குதிரைக்கும், கலெக்டர் துரையின் சவாரிக் குதிரைக்கும், பின்னாளில் தெருமுனையில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரைக்கும் ஊறவைத்தோ வேகவைத்தோ கொள்ளுக் கொடுக்கப்பட்டது. குதிரைக்காரனுக்குக் கொடுக்கும் சம்பளத்தோடு கொள்ளுக்கு ஆகும் செலவும் துரை வீட்டுக் கணக்கில் ஓர் இனமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இதற்குக் குதிரைத் தானியம் என்றே பெயர் நின்றுவிட்டது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று நம்மவரும் பழமொழி கட்டினர். குதிரையின் தீனியை மனிதன் உண்பது கௌரவக் குறைவென்ற எண்ணம் பட்டணத்தில் பிறந்து, படித்தவர் வழியாகக் கிராமத்துக்கும் மெல்ல ஊர்ந்து வந்தது. பெயர் ஒன்று ஒரு பொருளுக்கு இவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அந்த எண்ணம் ஊர்ந்து வரமுடியாமல் நின்ற நாடு கொங்கு நாடு. அங்கே என் தாயைப் பெற்ற அம்மாயியின் வீட்டில் கொள்ளுப் பருப்பு கடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்; ஆகவே அதைக் கண்டவாறே எழுதிவிடுகிறேன். முதல்நாள் பொழுது சாய்ந்ததும் அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கொள்ளைப் பரப்புவார். கொள்ளின் நிறமும் செம்மண் கல்லின் நிறமும் ஒன்றே ஆகையால், கண்ணை நம்பாமல் விரலை நம்பித் தடவித் தடவிக் கல் பொறுக்குவார். பிறகு நீரில் அரித்து, வெறும் வாணலியில் வாசம் எழும்வரை வறுத்து, சட்டியில் ஊறப்போடுவார். விடியற்காலையில் விறகடுப்பில் ஏறும் மண்சட்டி முற்பகல் வரை இறங்காது. கொள்ளு வேகும் வாசனையைப் பிற பருப்புகளின் வாசனையோடு ஒப்பிட முடியாது. கோடையில் முதல் மழை விழுந்த காட்டில் நிற்பது போன்றிருக்கும். வெந்த நீர் கஷாயம் போலக் கறுஞ்சிவப்பாய்த் திரளும். அதை வடித்துத் தனியே வைத்து, புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் நசுக்கிப் போட்டு ரசம் கூட்டுவார். வெந்த கொள்ளை, வதக்கிய கொத்தமல்லி விதை, சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை இவற்றோடு ஆட்டுக்கல்லிலிட்டு, நைந்தும் நையாமலும் இருக்கும் பக்குவத்தில் ஆட்டி எடுப்பார். கம்மஞ்சோற்றை வட்டிலில் வைத்து, நடுவே குழி பறித்து, அதில் இந்தப் பருப்பை நிரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெயை மேலே விட்டால் அதுவே விருந்து. முடிவில் மோர் உண்டு. மோரில்லாமல் கொள்ளைப் பரிமாறினால் சூடு பிடிக்கும் என்பது அவர் கண்டிப்பு.

நகரத்தில் மண்டிக்கடை வைத்திருந்த என் தாய்மாமன் ஒரு பொங்கலுக்கு அங்கே வந்திருந்தார். பகலெல்லாம் திண்டில் சாய்ந்து கணக்கெழுதும் தொழில். உடம்பு பருத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. ஆகாரத்தைக் குறைக்கும்படி யாரோ சொல்லியிருந்தபடியால், காலையும் நடுப்பகலும் ஒன்றும் உண்ணாமலிருந்து, இரவில் பசி தாங்காமல் இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே வேளையில் உண்டு வந்திருக்கிறார். அம்மாயி அதைக் கேட்டுத் திகைத்துப் போனார். "பட்டினி கெடந்தா பசிதான் பெருக்கும் சாமி. வயிறு நெறயவே தின்னு. இதத் தின்னு" என்று சொல்லி வட்டிலை அவர் முன்னே தள்ளியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. மாமன் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை, கேட்க இடமிருக்கவில்லை. பொழுது மேற்கே சாய்ந்த பிறகும் பசி எடுக்கவில்லையே என்று அவரே வியந்தார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு மூட்டை கொள்ளும் கம்பும் கொண்டு போனார். விடியலில் நடக்கவும் தொடங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது ஆள் பாதியாகவில்லைதான். ஆனால் மூச்சு வாங்காமல் கிணற்றுமேட்டில் ஏறி நின்று பேசினார். சரக சங்கிதையை அம்மாயி கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. குருவாயும் போஷியாததாயும் என்று அந்நூல் சொன்னதை அவர் ஒரு வட்டிலில் வைத்துப் பரிமாறினார்.

அந்த வட்டில் பின்னர் மாறிற்று. 1934-இல் மேட்டூர் அணையும், 1950-களில் பவானிசாகர் அணையும் வந்து, மானாவாரியாய்க் கிடந்த காடுகளுக்கு வாய்க்கால் நீர் பாய்ந்தது. உலக யுத்தத்தில் பர்மா பறிபோய் அந்நாட்டு அரிசி நின்றுவிட்டதும், பங்கீட்டுக் கடைகள் தோன்றிச் சகலரையும் அரிசிக்கு வரிசையில் நிற்கப் பழக்கின. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் விநியோகமாயிற்று. பசித்தவன் வீட்டுக்கு அரிசி சேர்ந்தது புண்ணியமான காரியமே. அதை நான் குறைத்துப் பேசேன். ஆயினும், நெல்லுச்சோறு உண்பது மேன்மை, கம்பும் கொள்ளும் உண்பது சிறுமை என்ற மயக்கமும் அந்த அரிசியோடு கூடவே வீடு புகுந்தது. உழைப்பு குறைந்த அதே தலைமுறையில் வெள்ளை அரிசியும் பெருகியதால், முன்பு அரண்மனையிலும் மண்டிக்கடையிலும் மட்டும் இருந்த ஸ்தூலம் சாமானியர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அரிசிச் சோற்றை மட்டும் நம்பிய ஆகாரத்தின் குறையை நீலகிரியில் ஒருவர் முன்பே காட்டியிருந்தார். குன்னூரில் 1918-இல் ஆராய்ச்சி தொடங்கிய டாக்டர் மக்காரிசன், இந்திய தேசத்தின் வெவ்வேறு பகுதியார் உண்ணும் ஆகாரத்தை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சீக்கியரது கோதுமை ஆகாரம் உண்ட எலிகள் முதலிடத்திலும், சென்னை ராஜதானியாரது அரிசி ஆகாரம் உண்டவை கடைசியிலும் நின்றன. அந்த ஆராய்ச்சிச்சாலை வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிற்று. அங்கிருந்து வெளிவந்த உணவுப் பட்டியலின்படி 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதமும் 287 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன; கொழுப்போ அரை கிராமே. கலோரி 321. அதே எடையுள்ள அரிசியில் புரதம் 7 கிராமுக்கு உட்பட்டது, கலோரி 345.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லையே, பின் கொள்ளு எப்படி இளைக்க வைக்கும்? குதிரையைக் கொழுக்கச் செய்த தானியம் மனிதனை மட்டும் எப்படி இளைக்கச் செய்யும்? விடை தானியத்தில் பாதி, வயிற்றில் பாதி. கொள்ளின் மாவுச்சத்து இறுக்கமானது; அதில் ஒரு பகுதி நம் சிறுகுடலில் கரையாமலே கடந்து போகிறது, மற்றது மெல்லக் கரைகிறது. புரதமும் நாரும் சேர்ந்து வயிற்றை நெடுநேரம் நிறைத்து வைப்பதால், அடுத்த வேளையில் கை தானே சுருங்குகிறது. குதிரைக்கோ பெருங்குடலே பெரியதொரு ஊறல் பானை; நம்மால் கரைக்க முடியாத நாரையும் மாவையும் அது அங்கே புளிக்கவைத்துச் சத்தாக்கிக்கொள்ளும். போதாததற்கு அது நாள் முழுதும் ஓடுகிறது. ஆகவே கொள்ளைக் கரைத்துக் குடித்தாலே கொழுப்பு உருகிவிடும் என்று விளம்பரம் செய்வதை நான் நம்புவதில்லை. மூன்று இட்லிக்கு மேல் இன்னும் மூன்று உண்டு, அதன்மேல் கொள்ளு ரசமும் குடித்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. சோற்றின் இடத்தை அது பிடிக்க வேண்டும்.

அவ்வாறு பிடிப்பதற்கு நம் பெண்மக்கள் கண்டுவைத்த வழிகள் எத்தனையோ. நெல்லைப் பக்கத்தில் காணத்தை வறுத்துத் தேங்காயும் மிளகாயும் பூண்டும் வைத்து அம்மியில் துவையல் அரைப்பார்கள். ஆந்திரத்தில் மாட்டுக்காகக் கொள்ளு வேகவைத்த நீரைச் சுண்டக் காய்ச்சிப் பிறந்ததென்று சொல்லப்படும் உலவசாறு, இன்று கலியாணப் பந்தியில் முதல் மரியாதை பெறுகிறது. கடல் கடந்த பர்மாவின் வறண்ட நடுநாட்டில், பகான் பக்கத்தில், கொள்ளை வேகவைத்துப் புளிக்கவைத்துக் கரிய குழம்பாக்கி உணவில் சேர்த்துக்கொள்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு வடையும் பஜ்ஜியும் தேடும் வேளையில், முளைகட்டி வேகவைத்த கொள்ளில் கடுகும் வெங்காயமும் தாளித்துத் துளி எலுமிச்சை பிழிந்த ஒரு கிண்ணம் சுண்டல் இருந்தால், இரவுச் சாப்பாடு வரையில் வேறொன்றை மனம் நாடாது. ஒரு பங்கு வறுத்த கொள்ளு மாவும் ஒரு பங்கு வரகு நொய்யும் சேர்த்துக் காய்ச்சி, மோர் விட்டு உப்பிட்ட கஞ்சி காலை வேளைக்குப் போதும். ஊறாத கொள்ளையும் அரைவேக்காட்டுக் கொள்ளையும் வயிறு ஏற்காது. முதல்நாள் இரவே ஊறப்போடும் பொறுமை வேண்டும். வயிற்றுப்புண் உள்ளவர் நெருங்க வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் இதை அடுப்பேற்றவும் வேண்டாம். மார்கழியும் தையுமே இதற்குரிய பருவம்.

அந்தப் பருவத்தை வகுத்ததும் காடுதான். வேறு பயிருக்கு இனி ஈரமில்லை என்று குடியானவன் கைவிட்ட மேட்டில், ஐப்பசி மழையின் கடைசி ஈரத்தில் கொள்ளை விதைப்பார்கள். பின்பு மழை பொய்த்தாலும் அது வாடுவதில்லை. பனியைக் குடித்தே கொடி ஓடும். அறுவடைக்கு அரிவாள் வேண்டியதில்லை. காய் முற்றி உலர்ந்தால் வெயிலில் வெடித்துச் சிதறிவிடுமாகையால், பொழுது புலரும் முன், பனி நனைத்த காய் மெத்தென்று இருக்கும்போதே, ஆணும் பெண்ணும் வரிசையாய்க் குனிந்து செடியை வேரோடு பிடுங்கிச் சேர்ப்பார்கள். விரல்கள் விறைத்துப் போகும், முந்தானை நனைந்துவிடும். களத்தில் காயவைத்து, காங்கயம் மாடுகளைப் பூட்டி மிதிக்கவிட்டு, காற்று வீசும் பக்கம் பார்த்துத் தூற்றினால், கனத்த மணி காலடியில் விழும். பொட்டு காற்றோடு போய்த் தள்ளிக் குவியும். மணியை அளந்து குதிரில் கொட்டிவிட்டு, பொட்டைக் கூடையில் வாரிக்கொண்டு போய், மிதித்த மாடுகளுக்கு முன்னாலேயே வைப்பார்கள்.